பெட்டியைத் திறவுங்கள்!

சுருளிப்பட்டியில், திராட்சைப் பந்தல்களைத் தாண்டி, ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் உள்ளறையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி. நாடகங்கள் விடிய விடிய நடந்த நாளில் அவ்வீட்டுப் பெரியவர் வாசித்த பெட்டி அது. அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு முறை, ஆயுத பூசையன்று, பெட்டி வெளியே வரும். சந்தனம் பூசுவார்கள்; குங்குமம் இடுவார்கள்; மாலை சூட்டிச் சூடம் காட்டுவார்கள். மறுநாள் துணியால் மூடி உள்ளே வைப்பார்கள். முப்பது ஆண்டுகளில் முப்பது பூசைகளைக் கண்ட அந்தப் பெட்டி, ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை.

நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பம். ஊரின் கடைசித் தெருவில் குடியிருப்பு. ஆசிரியர் இல்லாமலே, காதால் கேட்டுக் கேட்டுச் சுரங்களைப் பிரித்தறியக் கற்றவன். பொங்கல் விழாவில் தானே ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பாட வேண்டும் என்பது அவன் ஆசை. சில நாட்களுக்குப் பெட்டியை இரவல் கேட்போம் என்று நாம் அந்த வீட்டுக்குச் சென்றோம். பெரியவரின் மகன் அன்போடுதான் வரவேற்றார், அமரச் சொன்னார், மோர் கொடுத்தார். வந்த காரணத்தைக் கூறியதும் அவர் முகம் மாறியது.

“வாத்தியாரே, அது எங்கப்பா வாசிச்ச பெட்டி. சாமியா வச்சுக் கும்பிடுறோம். அதுல கண்ட கை படக் கூடாது” என்றார்.

கண்ட கை! வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரு சொற்களே நம் காதில் ஒலித்தன. பெட்டி சாமி என்பது அவர் தந்த முதற்காரணம். கண்ட கை படக் கூடாது என்பது இரண்டாவது காரணம். அவர் ஒருவரைக் குறை கூறிப் பயனில்லை. இந்த இரண்டு காரணங்களையும் சொல்லிக் கருவிகளைப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் நாடெங்கும் உண்டு. ஆகவே இவ்விரண்டையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

ஆர்மோனியம் எந்தக் கோயிலிலும் பிறக்கவில்லை. எந்தத் தெய்வமும் அதை ஏந்தி நின்றதில்லை. 1840-களில் பாரிசு நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்னும் கைவினைஞர் உருவாக்கி, பெயரும் சூட்டி, உரிமைப் பதிவும் செய்த கருவி அது. வெள்ளையரோடு கப்பலேறி வந்தது. காலால் துருத்தி மிதித்து வாசித்த பெட்டியை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும் பெட்டியாக இந்நாட்டார் மாற்றினர். அவ்வேலையில் முன்னின்றது கல்கத்தா.

தமிழ்நாட்டில் அப்பெட்டிக்கு வாழ்வளித்தது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடகங்களை ஊர் ஊராக ஆடியவர்களுக்கு ஆர்மோனியமே துணை. ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேர் அமர்ந்த திடலின் கடைசி வரிசை வரை சுருதி கேட்க வேண்டும். வீணையால் ஆகாத அந்த வேலையை இந்தப் பெட்டி செய்தது. ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையில், நடிகர் ஓர் ஊரிலிருந்து வருவார். நடிகை வேறோர் ஊரிலிருந்து வருவார். பின்பாட்டுப் பாடி ஆர்மோனியம் வாசிப்பவர் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். ஒரே இரவில் கூடி ஆடி, விடிந்ததும் பிரிவார்கள். அத்தகைய மேடையில் கருவி ஒரு வீட்டின் உள்ளறைச் சொத்தாக எப்படி இருந்திருக்க முடியும்?

ஏழையின் மேடையில் ஏறிய கருவிக்கு ஏற்றவர்களின் மன்றத்தில் இடம் கிடைத்ததா? 1938இல் சென்னையில் வானொலி நிலையம் திறக்கப்பட்டது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அயல்நாட்டுக் கருவி என்றனர். நம் இசைக்கு ஒவ்வாதது என்றனர். அவர்கள் சொன்னதில் உண்மை அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரே ஒலிதான். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. கமகம் அதில் பேசாது. ஆனால், குறையுள்ள கருவி என்பது வேறு. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய கருவி என்பது வேறு. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலி மூடிய கதவை, மேடைகளும் வீதிகளும் திறந்தே வைத்திருந்தன.

அயல்நாட்டுக் கருவி என்னும் குற்றச்சாட்டு உண்மையானால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது பிடில் அன்றோ? இன்று அது இல்லாத கச்சேரி இல்லை. அதுவும் ஐரோப்பியர் கையிலிருந்து நம்மவர் கைக்கு மாறிய கருவியே. பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பாடம் கேட்டு அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதில் பெரும்புலமை பெற்றார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் அந்நால்வரும் கோயிலிலும் அரசவையிலும் ஆடலையும் பாடலையும் வளர்த்த இசை வேளாளர் மரபினர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் வடிவேலுவின் இசையில் மனம் பறிகொடுத்து, 1834இல் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்கு வழங்கினார். அவர் வழிவந்தோர் தஞ்சையில் அதனைக் காத்து வந்தனர்.

அந்தத் தந்தப் பிடிலின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். வெள்ளையரின் கையில் பிறந்த வடிவம். தமிழரின் கையில் வளர்ந்த இசை. மலையாள நாட்டு மன்னரின் கையிலிருந்து வந்த கொடை. இத்தனை கைகள் பட்டதனால் பிடில் தீட்டாகிவிட்டதா? அன்று அவர்கள் யாரேனும் கண்ட கை படக் கூடாது என்று தடுத்திருந்தால், இன்று கச்சேரி மேடையில் பிடில் என்ற ஒன்று இருந்திருக்குமா?

மன்னர் கொடுத்தது கொடை, அது திரும்பாது. இரவல் அதனினும் அரிது. கொடுப்பவன் பொருளையும் இழக்கவில்லை. பொருளின் மீதுள்ள அச்சத்தை மட்டும் இழக்கிறான். இதற்கு இத்தாலி நாட்டிலிருந்து ஒரு வரலாறு. பிடில் வாசிப்பில் உலகையே வியக்க வைத்த பாகனினி, இளமையில் லிவோர்னோ நகரில் கையில் கருவியின்றி நின்றார். கச்சேரி நாள் நெருங்கிவிட்டது. லிவ்ரோன் என்னும் பிரெஞ்சு வணிகர் தம்மிடமிருந்த உயர்ந்த பிடிலை அவருக்கு இரவலாகக் கொடுத்தார். கச்சேரி முடிந்ததும் பாகனினி அதைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். வணிகர் வாங்க மறுத்துவிட்டார். அவ்விரல்கள் தொட்ட தந்திகளை இனித் தாம் தொடுவது தகாது என்று கூறி, கருவியை அவருக்கே உரிமையாக்கினார் என்பது வழங்கிவரும் வரலாறு.

இங்கே, கண்ட கை பட்டால் கருவி கெடும் என்கிறார்கள். அங்கே அந்த வணிகர், தகுதியுள்ள கை பட்டதால் கருவி உயர்ந்தது என்றார். இரண்டு மனங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு!

1743இல் குவார்னேரி என்னும் கைவினைஞர் செய்த அந்தப் பிடில், அதன் முழக்கத்துக்காகப் பீரங்கி என்றே பெயர் பெற்றது. 1840இல் மறைந்த பாகனினி, அதனைத் தம் பிறந்த ஊரான செனோவா நகருக்கு எழுதி வைத்தார். நகரத்தார் அதனைக் கண்ணாடிப் பேழையில் காக்கிறார்கள். ஆயினும் அங்கேயே சிறை வைத்துவிடவில்லை. அவ்வப்போது எடுத்து இசைக்கச் செய்கிறார்கள். 1954 முதல் அந்நகரில் நடந்து வரும் பாகனினி போட்டியில் வெல்பவர், எந்த நாட்டவராயினும், அக்கருவியை வாசிக்கும் பேறு பெறுகிறார். விலைமதிக்க முடியாத கருவியையே ஒரு நகரம் இளைஞர் கையில் நம்பிக் கொடுக்கிறது. நம் உள்ளறைப் பெட்டிகள் அதனினும் உயர்ந்தவையா?

அப்படியானால் இங்கே தடையாக நிற்பது எது? கருவியின் விலையன்று, கையின் சாதி.

மிருதங்கத்தைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து, பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் ஆகியவற்றை அதன் வாயில் இழுத்துக் கட்டுகிறார்கள். தோலைத் தேர்ந்து, சீவி, வார் பிடித்து, நாதம் பேசும்வரை உழைப்பவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர். பாலக்காடு மணி அய்யரின் புகழ்பெற்ற நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் அறிவும் உழைப்பும் இருந்தன. இத்தகைய குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். அதுவரை அந்தக் கைகளைப் பற்றிக் கச்சேரி மன்றங்கள் எத்தனை முறை பேசின? தோல் மேடைக்கு ஏறலாம். தோலைப் பதப்படுத்தியவன் படியேறக் கூடாது. இது என்ன நீதி?

ஊதும் கருவி என்றால் எச்சில் என்னும் வாதம் முந்திக்கொண்டு வரும். நாயனத்தை எடுத்துக்கொள்வோம். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், அடியில் அனசு, வாயில் சீவாளி. உதடு படுவது சீவாளியில் மட்டுமே. அதைக் கழற்றலாம், மாட்டலாம். வாசிப்பவர் ஒவ்வொருவரும் தமக்கென்று சீவாளிகளை வைத்திருப்பார். கருவியை இரவல் பெறுபவன் தன் சீவாளியைப் பொருத்திக்கொண்டால், எச்சில் எங்கே வந்தது? அறிவு ஒரு நொடியில் தீர்க்கும் கேள்வியை, மடமை ஓராயிரம் ஆண்டாகச் சுமந்து திரிகிறது.

கருவிக்கு மாலை போட்ட நாடு, அதை வாசித்தவனை எப்படி நடத்தியது? சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் கானாடுகாத்தானில் நடந்ததை நம் மூத்தோர் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். திருமண ஊர்வலத்தில் நாயனம் வாசித்து வந்தார் சிவக்கொழுந்து. வியர்வை துடைக்க அவர் தோளில் ஒரு துண்டு. அதை எடுக்கச் சொன்னார்கள் செல்வர்கள். எடுக்காதே என்று உறுமி நின்றார் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. நாயனத்துக்குத் தங்கப்பூண் போட்டு அழகு பார்த்த ஊரில், நாயனக்காரரின் தோளில் ஒரு முழத் துணிக்கு இடமில்லை! நாடக மேடையும் விதிவிலக்கன்று. விடுதலைப் பாடல்களைப் பாடிச் சிறை சென்ற விசுவநாததாஸ் (1886–1940) மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். கண்ட கை என்ற சொல் சுருளிப்பட்டியில் நேற்று முளைத்ததன்று. அதன் வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

வேர் ஆழமானது என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அதை அறுத்த கைகளும் நம் பள்ளத்தாக்கிலேயே இருந்தன. சுருளிப்பட்டியைப் போலவே கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஊர் பண்ணைப்புரம். அங்கிருந்து புறப்பட்டவர் பாவலர் வரதராசன். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். பொதுவுடைமை மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு பரவியது. வானொலி தள்ளி வைத்திருந்த ஆர்மோனியம் அவரைப் போன்றோரின் மேடைகளில் ஏழையின் குரலுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தது. அவருடைய இசைக்குழுவில் வளர்ந்த தம்பிதான் 1976இல் திரையுலகில் நுழைந்த இளையராசா. கண்ட கை என்று அன்று அந்தக் கைகளைத் தடுத்திருந்தால், இழப்பு யாருக்கு?

அதே 1976இல் சென்னையில் மற்றொரு நிகழ்ச்சி. திரைப்பட இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் மறைந்தார். மனைவியும் சிறு பிள்ளைகளும் திகைத்து நின்றனர். வீட்டில் மிஞ்சியிருந்த செல்வம் அவர் சேர்த்த இசைக்கருவிகள். அவற்றை விற்றுப் பணத்தை வட்டிக்கு விடலாம் என்று யோசனை கூறியவர்கள் உண்டு. அந்தத் தாய் விற்கவில்லை. பூட்டி வைத்துப் பூசையும் செய்யவில்லை. மற்ற இசைவாணர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். கருவி காலையில் ஒரு கலைஞனின் கைக்குப் போகும். பணி முடிந்ததும் வீடு திரும்பும். அந்த வாடகையே குடும்பத்துக்குச் சோறிட்டது. மறைந்தவரின் கருவிகள் மற்றவர் பாடலில் ஒலித்தன; மகனும் அவற்றிலேயே கைபழகினான். தந்தையை இழந்தபோது ஒன்பது வயதே ஆகியிருந்த அந்த மகன், பின்னாளில் இளையராசாவின் இசைக்குழுவிலும் வாசித்தான். அவர்தான் 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ஏ. ஆர். ரகுமான்.

தந்தையின் நினைவைப் போற்றுவது எது? கருவியை உள்ளறையில் வைத்துச் சூடம் காட்டுவதா, ஊரார் கையில் கொடுத்து ஒலிக்க வைப்பதா? அந்தத் தாயின் செயலில் விடை இருக்கிறது.

கொடுத்தால் உடைத்துவிடுவார்கள், திரும்ப வராது என்னும் அச்சம் சிலருக்கு உண்டு. அது நேர்மையான அச்சம். அதற்கு விடை சொல்லத்தான் வேண்டும். புத்தகத்துக்கும் ஒரு காலத்தில் இதே அச்சம் இருந்தது. ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் ஏடுகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதுதான் அவற்றுள் முதலாவதன் உட்பொருள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. பெயரை எழுதி, கையொப்பமிட்டு, நாள் குறித்து எவரும் ஏடு பெறலாம் என்பது இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. நம் தமிழர் பலர் வாழும் டொராண்டோ நகரின் பொது நூலகம், 2016 முதல் ஏடுகளைப் போலவே இசைக்கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. அங்கே முடிவது நம் படிப்பகங்களில் ஏன் முடியாது?

ஒரு குறிப்பேடு போதும். கருவியின் பெயர், கொடுத்தவர், பெற்றவர், நாள், திருப்பும் நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். கொடுக்கும்போது எந்தக் கட்டை பேசுகிறது, எந்தக் கட்டை பேசவில்லை என்று இருவரும் பார்த்துக் குறிக்க வேண்டும். பழுதானால் செலவு யாருடையது என்று முன்னரே பேசி முடிக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் வைப்பதில்லை என்று பெற்றவர் உறுதி கூற வேண்டும். அந்தக் குறிப்பேட்டில் சாதி என்றொரு கட்டம் இருக்கக் கூடாது. இவ்வளவே.

இந்தத் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறையாக அந்த ஓட்டு வீட்டுக்குச் சென்றோம். மகன் மீண்டும் தயங்கினார். அப்போது உள்ளிருந்து அவருடைய தாய் வெளியே வந்தார். எண்பதைத் தாண்டிய மூதாட்டி.

“தம்பி, அவரு இருந்தப்ப இந்தப் பெட்டி வீடு தங்குனதே இல்ல. பின்பாட்டுக்காரவுக யாரு வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுத்துருவாரு. எந்தத் தெருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு போன பொறவுதேன் இது சாமியாச்சு” என்றார்.

அறையில் எவரும் பேசவில்லை. நாம் ஐரோப்பா வரை தேடிச் சென்ற வரலாறு, அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது!

பெட்டியைத் திறந்தோம். துருத்தியின் மடிப்பை எலி கடித்திருந்தது. நான்கு கட்டைகள் ஊமை. நாக்குகளில் தூசு படிந்து களிம்பேறியிருந்தது. முப்பது ஆண்டுச் சந்தனத்தால் ஒரு நாக்கைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. படிப்பகத்து இளைஞர்கள் தலைக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டார்கள். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தோம். கையில் வாங்கிய அன்று அந்த மாணவன் முதலில் பாட்டு எதையும் வாசிக்கவில்லை. துருத்தியை மெல்ல அசைத்து, ஒரே ஒரு கட்டையை அழுத்தி, அது பேசுவதை நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பொங்கலன்று அவன் வாசித்தான், பாடினான். ஊரின் எல்லாத் தெருக்காரர்களும் கேட்டார்கள். இரண்டிடங்களில் தடுமாறினான், திருத்திக்கொண்டான். குறிப்பேட்டின் முதல் வரியில், கொடுத்தவர் என்னும் கட்டத்தில், பெரியவரின் மகன் தம் கையாலேயே ஒப்பமிட்டிருக்கிறார். அவர் மனம் மாறியதா, தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டாரா என்று நாம் கேட்கவில்லை. பெட்டி கை மாறியது. இப்போதைக்கு அது போதும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பெட்டி இருக்கும். ஒரு மூலையில் தவிலோ, பரணில் நாயனமோ, உறைக்குள் பிடிலோ உறங்கிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு கடைசித் தெருவில், அதற்கென்றே பிறந்த கை ஒன்று வெறுங்கையாய் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், கதவைத் தட்டும் துணிவும் வேண்டும். முதல் முறை மறுப்பார்கள். இரண்டாம் முறையும் செல்லுங்கள்.